சூடான வீட்டுத் தொட்டிக்கு ஏற்ற சிறு கெளுத்தி எது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் மீன்தொட்டி வைப்பவர்கள், கப்பி, டெட்ரா போன்ற சிறு மீன்களை விட்ட சில நாள்களிலேயே, அடியில் தங்கும் மிச்சத் தீனியையும் கண்ணாடியில் படரும் பாசியையும் தின்று தீர்க்க ஒரு கெளுத்தி கிடைக்குமா என்று கடையில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே தேர்வைக் கெடுத்துவிடுகிறது என்பது என் கருத்து. எந்தக் கெளுத்தியும் அழுக்கைத் தின்று உயிர் வாழ்வதில்லை. அதற்கும் தனித் தீனி போட வேண்டும், அதன் கழிவும் அதே நீரில்தான் சேரும். நம் வீடுகளில் முதலில் கவனிக்க வேண்டியது நீரின் சூடு. தகரக் கூரை போட்ட லயத்து வீடானாலும், தாமான் எனும் குடியிருப்புப் பகுதியில் இருபுறமும் சுவர் ஒட்டிய வீடானாலும், வெயில் நாளின் பிற்பகலில் தொட்டி நீர் 29, 30 டிகிரி செல்சியஸை எளிதில் எட்டிவிடுகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம்தான் கரையும். எனவே, நான்கு வகை மீன்களை இந்தச் சூட்டை மனத்தில் வைத்தே இங்கு ஒப்பிடுகிறேன்.

அதற்கு முன், ஒப்பீட்டுக்கே வரக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடைகளில் விரல் நீளத்தில், மிக மலிவாகக் கிடைக்கும் பண்டாரயா மீன் சிறு கெளுத்தி அன்று. அது 40 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடிய தென் அமெரிக்க மீன். கிள்ளான், லங்காட் ஆறுகளில் அது பெருகிக் கிடப்பதற்கு, தொட்டிக்கு அடங்காமல் போனதும் ஆற்றில் கொண்டுபோய் விடும் பழக்கமும் ஒரு காரணம். ஆண் மீன் முட்டைக்காகக் கரையில் வளை தோண்டுவதால் கரை மண்ணும் சரிகிறது. நம் பக்கத்துப் புளூஸ் ஆறு பேராக் ஆற்றில் கலப்பது. அதில் ஒரு பண்டாரயாவைக்கூட விடக்கூடாது, விட நேரும்படி வாங்கவும் கூடாது.

பாசிக்காகத்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பண்டாரயாவின் உறவான பிரிஸ்டில்நோஸ் ஓரளவு பொருந்தும். அது 12 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். வளர்ந்த ஆணின் முகத்தில் கிளைத்த மீசைமுள்கள் எழும்பும், குகை போன்ற இடுக்கில் பெண் இட்ட முட்டைகளை ஆண்தான் காவல் காக்கும். மரக்கட்டை ஒன்றும், வாரம் இருமுறை வெள்ளரிக்காய்த் துண்டும் இருந்தால் நன்றாகவே வாழும். ஆனால் தின்பதற்கு ஈடாகக் கழிவும் மிகுதி. இரண்டடித் தொட்டியில் ஒன்றுக்கு மேல் வைத்தால் வடிகட்டியால் ஈடுகொடுக்க முடியாது.

ஓட்டோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓட்டோசிங்க்ளஸ் நான்கு சென்டிமீட்டர் மீன், இலைகளுக்குச் சேதமின்றி மென்பாசியை மேயும். கடையில் பார்க்கும்போது எல்லாரையும் கவர்வதும் வீட்டுக்கு வந்தபின் அதிகம் சாவதும் இதுதான். பெரும்பாலானவை ஆற்றில் பிடிக்கப்பட்டு, பட்டினியோடு நெடுந்தொலைவு வந்து சேருபவை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அதன் வயிற்றைப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும். வயிறு உருண்டிருந்தால் வாங்கலாம், உள்ளே குழிந்திருந்தால் எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பல மாதங்கள் ஓடி, பாசி ஊறிய தொட்டியில் மட்டும் இதை விட வேண்டும். வெந்நீரில் வாட்டிய கங்கோங் கீரையைச் சில ஓட்டோக்கள் ஏற்கும், சில திரும்பியும் பார்க்காது. புதுத் தொட்டிக்காரர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

கண்ணாடிக் கெளுத்தி நம் அண்டை நாட்டு மீன். பல்லாண்டுகள் வேறோர் இனத்தின் பெயரில் விற்கப்பட்டுவந்த இந்தத் தாய்லாந்து மீனுக்கு 2013இல்தான் அறிவியலாளர்கள் தனிப் பெயர் சூட்டினார்கள். உடல் முழுதும் ஊடுருவித் தெரிய, முதுகெலும்பு கோடாகவும் உள்ளுறுப்புகள் தலைக்குப் பின்னால் வெள்ளிப் பைக்குள்ளும் தெரியும். இது அடியில் மேயாது, நடு நீரில் கூட்டமாக அசைந்து நிற்கும். ஆறுக்குக் குறைந்தால் மிரண்டு, தீனியைத் தொடாமல் செடிக்குள் ஒதுங்கிவிடும். சூட்டை ஓரளவு தாங்குகிறது, தாங்காதது நீரின் திடீர் மாற்றத்தை. தண்ணீர் வெட்டு முடிந்து குழாயில் கலங்கலாக வரும் நாளில் அதை அப்படியே தொட்டியில் ஊற்றினால் முதலில் விழுவது இதுதான். வாளியில் பிடித்து, குளோரின் நீக்கி விட்டு, ஒரு நாள் தெளியவைத்த நீரையே இதற்குக் கொடுக்க வேண்டும்.

என் தேர்வு, தரையில் கூட்டமாக மேயும் சிறு கெளுத்தியான கோரிடோராஸ். ஆனால் எல்லாக் கோரிடோராஸும் அன்று. கறுப்பு வெள்ளையாக அழகு காட்டும் பாண்டா வகை, 25 டிகிரிக்குக் கீழ் இருக்கும் நீரை விரும்புவது. குளிர்விப்பான் இல்லாத நம் வீட்டில் அதை வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. வெண்கலக் கோரிடோராஸ் உறுதியான மீன், விலையும் குறைவு, ஆனாலும் 27 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் போனால் அதுவும் சோர்ந்துவிடும். பிரேசில், பொலிவியா எல்லையில் ஓடும் குவாபோரே ஆற்றைச் சேர்ந்த ஸ்டெர்பா வகை 28 டிகிரியையும் இயல்பாக ஏற்கும். விலை சற்றுக் கூடுதல்தான், எனினும் நம் ஊர்ச் சூட்டுக்கு அதுவே முதலிடம். எதுவானாலும் தொட்டியின் மேல் சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்தால் ஓரிரு டிகிரி இறங்கும். அப்போது கண்ணாடி மூடிக்குப் பதில் வலை போட வேண்டும்.

சூட்டில் ஆக்சிஜன் குறைவதை இந்த மீன் தனக்கே உரிய முறையில் சமாளிக்கிறது. திடீரென அம்பாக மேலே பாய்ந்து, ஒரு மிடறு காற்றை விழுங்கி, அதே வேகத்தில் இறங்கிவிடும். விழுங்கிய காற்றிலிருந்து குடலின் பின்பகுதி ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கிறது. எப்போதாவது செய்தால் அது இயல்பு. கூட்டமே மாறி மாறி ஓயாமல் மேலே போனால் நீரை உடனே மாற்ற வேண்டும் என்று பொருள்.

இதற்குத் தேவையானது மென்மணல் தரை. கண் வரைக்கும் மூக்கை மணலில் புதைத்து, வாய்நிறைய அள்ளி, தீனியை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்ச மணலைச் செவுள் வழியே இருபுறமும் பொழியவிடும் காட்சியைக் கூர்மையான சரளைக்கல் போட்டவர்கள் பார்க்கவே முடியாது. அழுக்குத் தேங்கிய தரையில் மீசையும் கரைந்து குட்டையாகிவிடும். குறைந்தது ஆறு மீன்களுக்கு, ஏறத்தாழ 60 லிட்டர் கொள்ளும் இரண்டடித் தொட்டி போதும். மூழ்கும் தீனியை விளக்கணைத்த பின் போடுவது நல்லது. மீனுக்கு நோய் என்றதும் கல்லுப்பை அள்ளிப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு, இந்த மீனுக்கு அது ஆகாது. கெத்தப்பாங் (நாட்டு வாதுமை) இலை போடுவதில் தடையில்லை. மீனை இடம் மாற்றும்போது வலையைத் தவிர்த்துக் குவளையால் பிடிக்க வேண்டும், ஏனெனில் துடுப்பு முள் விறைத்து வலையில் சிக்கிக்கொள்ளும்.

நல்ல மழை பெய்த மாலையில், வழக்கத்தைவிடச் சற்றுக் குளிர்ந்த நீரால் கால்பங்கை மாற்றினால், மறுநாள் காலையில் கண்ணாடியில் முட்டைகள் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. மற்ற மூன்றில் பிரிஸ்டில்நோஸ் தவிர எதுவும் வீட்டில் இவ்வளவு எளிதாக இனம் பெருக்குவதில்லை.

இரண்டு வகை வேண்டும் என்பவர்கள் மூன்றடித் தொட்டியில் ஸ்டெர்பாவையும் கண்ணாடிக் கெளுத்தியையும் சேர்த்து வைக்கலாம். ஒன்று தரையிலும் மற்றது நடு நீரிலும் இருப்பதால் இடத்துக்குப் போட்டியில்லை. ஸ்டெர்பாவை முதலில் விட்டு, அவை ஒழுங்காகத் தின்னத் தொடங்கி நீர் நிலைபெற்ற பிறகே கண்ணாடிக் கெளுத்தியை வாங்க வேண்டும்.