பப்ளிக்கா, கான்ஃபிடென்ஷியலா? கலிஃபோர்னியாவில் கல்யாண லைசென்ஸ் வாங்கும் முன்

ஊரில் முதலில் தாலி கட்டுவோம், அப்புறம் பத்திரிகையும் போட்டோவுமாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவோம். தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டமும் கல்யாணம் முடிந்த பிறகு 90 நாள் அவகாசம் தருகிறது. அமெரிக்காவில் வரிசை தலைகீழ். முதலில் கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) கிளார்க்கிடம் லைசென்ஸ், பிறகுதான் தாலி. லைசென்ஸ் வாங்காமல் கலிஃபோர்னியாவின் லிவர்மோர் கோயிலில் ஊரையே கூட்டிக் கல்யாணம் பண்ணிவிட்டு, மறுநாள் போய்ப் "பதிந்து கொடுங்கள்" என்று கேட்க முடியாது. இந்தியாவில் நடந்த கல்யாணத்தையும் இங்கே பதிய மாட்டார்கள். அதற்குத் தேவையும் இல்லை, ஊரில் வாங்கிய சான்றிதழே செல்லும்.

சரி, இங்கேதான் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. அடையாள அட்டையோடு இருவரும் சேர்ந்து போகிறீர்கள். ரத்தப் பரிசோதனை கிடையாது, காத்திருப்பு நாள் கிடையாது, கலிஃபோர்னியாவில் குடியிருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் விண்ணப்பத்திலேயே ஒரு கேள்வி நிற்கும்: பப்ளிக் (பொதுப் பதிவு) லைசென்சா, கான்ஃபிடென்ஷியலா (ரகசியப் பதிவு)? பலர் அந்த இடத்தில் முழித்துவிட்டு, எது சுலபம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். முகூர்த்தம் குறிக்கக் காட்டிய அக்கறையில் கால்வாசியை இதற்குக் காட்டியிருக்கலாம்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். இரண்டுமே 90 நாள் செல்லும், இரண்டிலும் நடக்கும் கல்யாணத்துக்குச் சட்டத்தின் முன் ஒரே மதிப்பு. முதலில் கண்ணில் படும் வித்தியாசம் சாட்சி. பப்ளிக் லைசென்சில் குறைந்தது ஒரு சாட்சியாவது கையெழுத்துப் போட வேண்டும், அதிகபட்சம் இருவர். கான்ஃபிடென்ஷியலில் சாட்சியே வேண்டாம். ஆள் சேர்க்க முடியாமல் வார நாளில் ஓடிப்போய்க் கல்யாணம் செய்பவர்களுக்கு இதுவே பெரிய கவர்ச்சி.

ஆனால் கான்ஃபிடென்ஷியலுக்கு வேறொரு நிபந்தனை உண்டு. இருவரும் 18 வயது நிறைந்தவர்களாக இருப்பதோடு, ஏற்கெனவே கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருக்கிறோம் என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஏற்பாடு 1878இல் வந்தது. கல்யாணமாகாமலே சேர்ந்து வாழ்ந்துவிட்டவர்கள் ஊர் வாய்க்குப் பயப்படாமல் சட்டப்படி தம்பதியாகட்டும் என்ற எண்ணம். போன வாரம்தான் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கிய மணப்பெண்ணும், சான் ஹோசேயில் நான்கு பேரோடு அறை பகிர்ந்திருக்கும் மாப்பிள்ளையும் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டால் அது பொய். சாட்சிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதற்காகப் பொய் உறுதிமொழி கொடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உண்மையிலேயே சேர்ந்து வாழ்பவர்கள் என்றால்? அப்போதும் என் ஓட்டு பப்ளிக்குக்கே. காரணம், பிறகு யார் நகல் வாங்கலாம் என்பது. கான்ஃபிடென்ஷியல் கல்யாணத்தின் நகல் அந்த இருவருக்கு மட்டும்தான். பெற்றோருக்குக் கிடையாது, பிள்ளைகளுக்குக் கிடையாது, வேறு யார் கேட்டாலும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். பப்ளிக் என்றால் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், வழக்கறிஞர் என்று ஒரு பட்டியலே உண்டு. நீங்கள் சென்னைக்குத் திரும்பிய பிறகு ஒரு நகல் அவசரமாகத் தேவைப்பட்டால், ஃப்ரீமாண்ட்டில் இருக்கும் அண்ணன் நேரில் போய் வாங்கி அனுப்பிவிடுவார். கான்ஃபிடென்ஷியலாக இருந்தால் அந்த அண்ணன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். முப்பது வருஷம் கழித்து அப்பா அம்மாவின் கல்யாணத்தை ஒரு பிள்ளை நிரூபிக்க வேண்டி வந்தால், அதற்கும் நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

தன் கல்யாண விவரத்தை யாரும் தேடிப் பார்க்கக் கூடாது என்று நியாயமான காரணத்தோடு நினைப்பவர்கள் உண்டு. மிரட்டலுக்கு ஆளானவர்கள், பழைய உறவிலிருந்து தப்பி வந்தவர்கள். அவர்களுக்குக் கான்ஃபிடென்ஷியல் ஒரு கவசம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். மற்றவர்களுக்கு அது தேவையில்லாத பூட்டு.

பெயர்க் கட்டம்

எந்த லைசென்ஸ் வாங்கினாலும், கல்யாணத்துக்குப் பிறகு என்ன பெயர் என்று கேட்கும் கட்டங்கள் அதில் இருக்கும். காலியாக விட்டால் பெயர் மாறவில்லை என்று பொருள். துணைவரின் கடைசிப் பெயரை எடுக்கலாம், இரண்டையும் சேர்க்கலாம், நடுப்பெயரையும் மாற்றலாம். முதல் பெயரை மட்டும் தொட முடியாது. அங்கே எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு வந்து "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றால் நடக்காது. எழுத்துப் பிழையைத் திருத்தலாமே தவிர, மனம் மாறியதைத் திருத்த முடியாது. அதற்கு நீதிமன்றத்தில் பெயர் மாற்ற மனு, 400 டாலருக்கு மேல் கட்டணம்.

நமக்கு இங்கே கூடுதல் சிக்கல். இனிஷியலோடு வளர்ந்த கூட்டம் நாம். ஒருவரின் 'கடைசிப் பெயர்' அவர் அப்பாவின் முதல் பெயராக இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகி வந்திருக்கும். அப்பா பெயரையே கடைசிப் பெயராக வைத்திருக்கும் கணவரின் 'கடைசிப் பெயரை' ஒரு பெண் எடுத்தால், எடுப்பது மாமனாரின் பெயரை! எதை எழுதப் போகிறோம் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போவது நல்லது. பெற்றோர் பிறந்த மாநிலம் அல்லது நாடும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் கேட்பார்கள். அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குருக்கள் பையில் போன காகிதம்

கல்யாணத்தை நடத்தி வைத்தவர் லைசென்சில் தன் பகுதியை நிரப்பிக் கையெழுத்திட்டு, 10 நாளுக்குள் அதைக் கொடுத்த கவுண்ட்டிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அப்படிப் போய்ச் சேர்ந்தால்தான் பதிவு. எனக்குத் தெரிந்த ஒரு கல்யாணத்தில் அந்தக் காகிதம் தேங்காய் பழத்தோடு பையில் ஏறி வேறு ஊர்க் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து, "சாமி, அந்தப் பேப்பர்..." என்று மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தபோதுதான் அவருக்கே நினைவு வந்தது. முன்கூட்டியே ஒட்டிய ஸ்டாம்ப்போடு உறையைக் கையில் கொடுத்து, முடிந்தால் நாமே தபாலில் சேர்ப்பது உத்தமம். அடித்தல் திருத்தல் கூடாது. தேதியை மாதம் முதலில் வரும்படி எழுதச் சொல்லுங்கள், நம் வழக்கப்படி நாளை முதலில் எழுதிவிட்டால் அது வேறு தேதியாகிவிடும்.

நகலை எங்கே வாங்குவது

லைசென்ஸ் என்பது கல்யாணம் செய்ய அனுமதி, சான்றிதழ் அல்ல. கல்யாண மண்டபத்திலோ கிளார்க் அலுவலகத்திலோ பூ வேலைப்பாட்டோடு கொடுக்கும் அலங்காரத் தாளும் சான்றிதழ் அல்ல. அதைக் கிரீன் கார்டு விண்ணப்பத்தோடு வைத்துவிட்டு, திரும்பக் கேட்டு வந்த கடிதத்தைப் பார்த்து விழித்தவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் சான்றிட்ட நகல் தானாக வீட்டுக்கு வராது. நாம்தான் கேட்டு, தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும்.

கேட்பதற்கு மூன்று வழி. முதல் வழி, லைசென்ஸ் கொடுத்த கவுண்ட்டி. பப்ளிக் என்றால் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டரிடம், கான்ஃபிடென்ஷியல் என்றால் கிளார்க்கிடம். சான்டா கிளாராவிலும் அலமீடாவிலும் இரண்டும் ஒரே அலுவலகம். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரே சிட்டி ஹால் கட்டடத்துக்குள் வேறு வேறு அறைகள். இரண்டாவது, சேக்ரமென்ட்டோவில் இருக்கும் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை. அங்கே கான்ஃபிடென்ஷியல் பதிவுகள் கிடையாது, பப்ளிக்கிலும் சில ஆண்டுகள் இல்லை, கிடைத்தாலும் வாரக் கணக்கில் ஆகும். மூன்றாவது, வைட்டல்செக் போன்ற இணையச் சேவைகள். பல கவுண்ட்டிகள் அதிகாரப்பூர்வமாகவே இவற்றைப் பயன்படுத்துகின்றன, சேவைக் கட்டணம் மட்டும் கூடும். அரசு முத்திரையைப் போல ஒன்றை வரைந்து வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறோம் என்று காசு பறிக்கும் தளங்கள் வேறு ரகம். கவுண்ட்டியின் சொந்தத் தளத்திலிருந்து சொடுக்கிப் போனால் அந்த வலையில் விழ மாட்டீர்கள். நேரில் போக முடிகிறவர்களுக்குக் கவுண்ட்டியை விட நல்ல வழி இல்லை.

பப்ளிக் பதிவில் நகலும் இரண்டு வகை. உரிமையுள்ளவருக்கான நகல், தகவலுக்கான நகல். விவரம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் தகவல் நகலின் குறுக்கே, அடையாளத்தை நிறுவ இது செல்லாது என்று அச்சடித்திருக்கும். உரிமையுள்ள நகலுக்கு உறுதிமொழி கொடுக்க வேண்டும், தபாலில் கேட்டால் அதில் நோட்டரி கையெழுத்தும் வேண்டும். அந்தச் சிரமத்துக்குச் சோம்பித் தகவல் நகலை வாங்கினால், அது வம்சாவளி தேடுபவர்களுக்குத்தான் உதவும். வாங்கும்போதே மூன்று வாங்கிவிடுங்கள்.

வேறு மாநிலத்துக்கு ஓடலாமா

லாஸ் வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுண்ட்டியில் லைசென்ஸ் அலுவலகம் விடுமுறை நாளிலும் நள்ளிரவு வரை திறந்திருக்கும், காத்திருப்பும் இல்லை. டெக்சாஸில் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும், எட்டு மணி நேர வகுப்பில் உட்கார்ந்தால் அது தள்ளுபடி. ஆனால் டெக்சாஸில் மாநில அலுவலகம் சான்றிட்ட நகலே தராது, சரிபார்ப்புக் கடிதம் மட்டும்தான். நகலுக்குக் கல்யாண லைசென்ஸ் கொடுத்த கவுண்ட்டிக்கே போக வேண்டும். யூட்டா கவுண்ட்டியில் லைசென்சும் கல்யாணமும் வீடியோவிலேயே முடியும். கேட்க இனிமையாக இருக்கும். விசாவுக்காகச் செய்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சடங்கின்போது இருவரும் ஒரே இடத்தில் இல்லாத கல்யாணத்தை, அதன் பிறகு தாம்பத்தியம் நடந்தாலொழிய, அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் கணவன் மனைவி உறவாக ஏற்பதில்லை.

எனக்குப் பிடித்தது கொலராடோ. நடத்தி வைக்க ஆளே வேண்டாம், மணமக்கள் தாங்களே கையெழுத்திட்டால் போதும். பென்சில்வேனியாவிலும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மரபிலிருந்து வந்த இப்படி ஒரு லைசென்ஸ் உண்டு, அதற்கு இரண்டு சாட்சிகள் தேவை. 1967இல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் கொண்டுவந்த ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது.

கடைசியாக, இந்தியாவில் காட்ட வேண்டுமானால் நகலின் மேல் அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஆவணம் செல்ல அரசு தரும் சான்று) வேண்டும். இந்தியா 2005 முதல் அப்போஸ்டிலுக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இருப்பதால் தூதரக முத்திரை தேவையில்லை. கலிஃபோர்னியாவில் கவுண்ட்டி தந்த நகலை மாநிலச் செயலர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினால் 20 டாலரில் முடியும். நியூயார்க் நகரத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு மூன்று வாசல். லைசென்ஸ் கொடுப்பதே அங்கே கவுண்ட்டி கிளார்க் இல்லை, சிட்டி கிளார்க். அவரிடம் வெளிநாட்டுக்கான விரிவான சான்றிதழைக் கேட்டு வாங்கி, கவுண்ட்டி கிளார்க்கிடம் அந்தக் கையெழுத்துக்கு 3 டாலரில் சான்று பெற்று, பிறகு மாநில அலுவலகத்தில் 10 டாலருக்கு அப்போஸ்டில். வீட்டுக்கு வரும் சின்னச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனால் முதல் வாசலுக்கே திருப்பி அனுப்புவார்கள்.