ஹோஸ்ட் கீயை மெஷினே உருவாக்கிக்கொள்ளட்டும்: நாலு வருஷ அனுபவம்

அம்பத்தூர், பெரம்பூர், வேளச்சேரி, தாம்பரம் என்று கிளைகள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் பில்லிங் கவுன்டருக்குக் கீழே டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) ஓடும் ஒரு சின்ன மெஷின். கிண்டியில் இருந்தபடி எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக மெஷினுக்குள் நுழையும் வழி) வழியாக அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஒரே இமேஜை (முழு சிஸ்டத்தின் நகலை) எஸ்டி கார்டுகளில் எழுதித்தான் அனுப்புவோம். ஆரம்பத்தில் ஹோஸ்ட் கீயும், அதாவது 'நான் இந்த மெஷின்தான்' என்று நிரூபிக்கும் ரகசியக் கீயும், இமேஜோடு சேர்ந்தே போனது. எல்லா மெஷினுக்கும் ஒரே கீ! ஒரு கார்டு கைமாறினால் போதும், எடுத்தவர் எந்தக் கிளையின் மெஷின் போலவும் நடிக்க முடியும். அதைக் கவனித்த பிறகு, இமேஜ் எடுக்கும் முன் ஹோஸ்ட் கீகளை அழித்துவிட்டு, எஸ்எஸ்எச் சர்வீஸ் தொடங்கும்போது இல்லாததை மெஷினே உருவாக்கும்படி மாற்றினேன்.

கீ உருவாக்கும் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளைக்குப் பெரிய எழுத்து ஏ ஆப்ஷன் கொடுத்தால், எந்த வகைக் கீ இல்லையோ அதை மட்டும் உருவாக்கும், இருப்பதைத் தொடாது. ஃபெடோரா, ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு சிஸ்டங்களில் சர்வீஸ் தொடங்கும்போது இது தானாக நடக்கும். நாங்கள் வைத்திருக்கும் டெபியனில் பேக்கேஜ் நிறுவும்போது மட்டும்தான். அதனால் சர்வீஸ் ஃபைலில் நாமே சேர்க்க வேண்டும். இங்கே ஒரு நாள் முழுக்கப் போனது எனக்கு. அங்கே ஏற்கெனவே கான்ஃபிக் சரியா என்று பார்க்கும் ஒரு வரி உண்டு. நாம் சேர்க்கும் வரி அதற்குப் பின்னால்தான் போய் உட்காரும். கீ இல்லாததால் முதல் வரியே தோற்று, சர்வீஸ் அங்கேயே நின்றுவிடும். பழைய வரியைக் காலி செய்து, கீ உருவாக்கும் வரியை முதலிலும் சோதனையை அடுத்தும் எழுதிய பிறகே ஓடியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்ததும் வேளச்சேரியில் புது மெஷின் வைத்தோம். முதல் பூட்டிலேயே கரன்ட் போனது. திரும்ப வந்தபோது எஸ்எஸ்எச் எழவில்லை. கீபோர்டும் மானிட்டரும் தூக்கிக்கொண்டு நேரில் போனேன். கீ ஃபைல்கள் இருந்தன, ஆனால் அளவு 0 பைட். அந்தக் கார்டில் இருந்த எஸ்எஸ்எச்-கீஜெனின் பழைய பதிப்பு, ஃபைல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனது. அன்றிலிருந்து காலியான கீ ஃபைல்களை முதலில் அழித்து, உருவாக்கியதும் சிங்க் (எழுதியதை உடனே கார்டில் பதியவைக்கும் கட்டளை) கொடுக்கிறேன். ஃபெடோராவில் ஃபைல் காலியாக இல்லையா என்பதையே நிபந்தனையாக வைத்திருக்கிறார்கள். அதுதான் சரி.

இதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது வேறு. கார்டு தேயாமல் இருக்கட்டும் என்று சில கிளைகளில் சிஸ்டம் பார்ட்டிஷனை ரீட்-ஒன்லி ஆக்கினோம். எழுதுவதெல்லாம் ரேமில், ரீஸ்டார்ட் ஆனால் போய்விடும். விளைவு, ஒவ்வொரு பூட்டிலும் புதுக் கீ. எங்கள் லேப்டாப்பில் சேமித்திருக்கும் பழைய கீயோடு அது ஒத்துப்போகாததால் எஸ்எஸ்எச் வார்னிங் காட்டும். ஒரு நாள் டீமில் இருக்கும் தம்பி கேட்டான்: "அண்ணா, அம்பத்தூர் மறுபடியும் வார்னிங் காட்டுது, வழக்கம்போல பழைய லைனை எடுத்துட்டு உள்ள போயிடட்டுமா?" அந்த 'வழக்கம்போல' என்னைத் திடுக்கிட வைத்தது. நடுவில் யாராவது நிஜமாகவே புகுந்திருந்தாலும் அவன் இதையேதான் செய்திருப்பான். அந்த வாரமே கீகளை எழுதக்கூடிய தனிப் பார்ட்டிஷனுக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு காரணமில்லாமல் ஒரு வார்னிங் வந்ததில்லை.

முதல் பூட்டில் போதிய ராண்டம் எண்கள் கிடைக்காமல் பல நெட்வொர்க் சாதனங்கள் பலவீனமான கீகளை உருவாக்கியதை 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் எல்லாக் கீகளின் பிங்கர்பிரிண்ட்டையும் (கீயின் சுருக்கமான அடையாளக் குறியீடு) ஒரு ஷீட்டில் போட்டு, ஒன்றுபோல் இரண்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். இதுவரை இல்லை.

முதல் முறை நுழையும்போது அது நம் மெஷின்தானா என்பதற்கு, பிங்கர்பிரிண்ட்டை லாகின் திரையிலேயே காட்ட வைத்திருக்கிறேன். பெரம்பூர் கவுன்டரில் இருக்கும் அக்கா அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுவிட்டுத்தான் 'யெஸ்' அடிக்கிறேன். கார்டு மாற்றும்போது எல்லா லேப்டாப்பிலும் பழைய வரியை நீக்கும் வேலை மட்டும் இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு மெஷின் கீக்கும் நாமே கையொப்பமிட்டு, லேப்டாப்கள் அந்தக் கையொப்பத்தை மட்டும் நம்பும் ஹோஸ்ட் சர்டிஃபிகேட் முறைக்கு மாறுவதற்கான சோதனையைத் தாம்பரத்தில் தொடங்கியிருக்கிறேன்.