பட்டம் முடிந்தபின் எந்தக் கணக்கு மிஞ்சும்? ஆய்வு மாணவர்களுக்கான ஒப்பீட்டு அலசல்

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் வாரமே பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி ஒன்று கைக்கு வந்துவிடும். பிறகு கட்டுரை எழுத ஓவர்லீஃப், நிரல் வைக்க கிட்ஹப், மேற்கோள்களைத் தொகுக்க ஸோட்டெரோ, இதழ்களின் சமர்ப்பிப்புத் தளங்கள், மாநாட்டுப் பதிவு என்று எல்லாவற்றையும் அதைக் கொடுத்தே திறப்பார்கள். நாலைந்து வருடத்தில் எத்தனை கணக்கு என்பதே மறந்துபோகும். பட்டம் வாங்கிய பின் நிர்வாகம் அந்த முகவரியை மூடினால், கடவுச்சொல் மீட்பு அஞ்சல் வந்து சேர இடமில்லாமல் அத்தனை கணக்கும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அதனால் கீழே வரும் எல்லா ஒப்பீட்டுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்தக் கணக்கை மூடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

மின்னஞ்சல்: மூன்று வழிகள்

பல்கலைக்கழக முகவரியின் பலம், நீங்கள் மாணவர் என்பதற்கு அதுவே சான்று. கிட்ஹபின் மாணவர் சலுகைத் தொகுப்பு, மென்பொருள் தள்ளுபடி, ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலரில் சரிபார்க்கப்பட்ட முகவரி எல்லாம் அதனால் கிடைப்பவை. ஆனால் அதன் உரிமையாளர் நீங்கள் அல்ல. இடவசதியும் முன்போல் இல்லை: கல்வி நிறுவனங்களுக்கு வரம்பின்றித் தந்த சேமிப்பை நிறுத்துவதாக 2021இல் கூகுள் அறிவித்து, நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட் என்று ஆக்கியது. அதன்பின் பல இடங்களில் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுக்கிறார்கள்.

பலர் அடிபடுவது அந்தக் கணக்கில் உள்ள கூகுள் டிரைவ் கோப்புகளில். நீங்கள் உருவாக்கி நெறியாளருடன் பகிர்ந்த கோப்புக்கு உரிமையாளர் உங்கள் பல்கலைக்கழகக் கணக்கு. அந்தக் கணக்கை அழித்தால் கோப்பு நெறியாளருக்கும் இல்லாமல் போகும். உரிமையைச் சொந்த ஜிமெயிலுக்கு மாற்றலாம் என்று பார்த்தால், நிறுவனத்துக்கு வெளியே மாற்றப் பெரும்பாலும் விடாது. நகல்தான் எடுக்கவேண்டும். தரவை வெளியே எடுக்க உதவும் கூகுள் டேக்அவுட்டில் கல்விக் கணக்குகளுக்கென ஓர் இடமாற்று வசதி உண்டு. நிர்வாகம் அனுமதித்திருந்தால் அஞ்சலையும் டிரைவையும் சொந்தக் கணக்குக்குள் நேரடியாக நகலெடுக்கும். அனுமதி இல்லையென்றால் வழக்கமான பதிவிறக்கம். மற்றவர்கள் உங்களுடன் பகிர்ந்த கோப்புகள் அதில் வராது. அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.

சொந்த ஜிமெயில் பட்டத்தோடு முடிவதில்லை. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. 2 ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து தொடங்கியது. அப்படியே பயன்பாட்டில் வைத்திருந்தாலும், மீட்பு எண்ணாக என்றோ விட்டுவிட்ட பழைய கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தால் பயனில்லை.

மூன்றாவது வழி, சொந்த டொமைன், அதாவது உங்கள் பெயரில் வாங்கும் இணைய முகவரி. வருடத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். பின்னால் இருக்கும் அஞ்சல் சேவையை மாற்றினாலும் முகவரி மாறாது. ஆபத்து ஒன்றே ஒன்று: புதுப்பிக்க மறந்தால் அதை வேறொருவர் வாங்கலாம், அதன்பின் உங்கள் கடவுச்சொல் மீட்பு அஞ்சல்கள் அவருக்குப் போகும். புதுப்பிப்பு நினைவூட்டலும் அதே டொமைன் முகவரிக்கே வருமாறு வைப்பவர்கள் உண்டு. டொமைன் காலாவதியானால் அந்த நினைவூட்டலும் வந்து சேராது. டொமைனை விற்ற பதிவாளர் தளத்தில் வேறொரு முகவரியைக் கொடுங்கள்.

எங்கள் தேர்வு: சொந்த ஜிமெயில் முதன்மை, பல்கலைக்கழக முகவரி இரண்டாவது. ஆய்வாளர் அடையாள எண் தரும் ஓர்கிட், கிட்ஹப், ஓவர்லீஃப் மூன்றும் ஒரே கணக்கில் பல முகவரிகளை ஏற்கின்றன. கிட்ஹபில் மட்டும் ஒரு நுணுக்கம். நீங்கள் செய்த கமிட்டுகள் (நிரல் மாற்றப் பதிவுகள்) உங்கள் பெயரோடு சேர்வது, கமிட்டுக்குள் பதிந்துள்ள மின்னஞ்சல் வழியாக. பட்டம் முடிந்ததும் பல்கலைக்கழக முகவரியை நீக்கினால் பழைய கமிட்டுகள் உங்கள் கணக்கிலிருந்து பிரிந்துவிடும். எனவே நீக்காமல் விட்டுவிட்டு, கடவுச்சொல் மீட்பை முதன்மை முகவரிக்கு மட்டும் என்று அமைப்பில் மாற்றுங்கள். நாளைக்கு அதே முகவரியை வேறொரு மாணவருக்குக் கொடுத்தாலும் கவலையில்லை.

“கூகுள் மூலம் நுழைக” பொத்தானைப் பல்கலைக்கழகக் கணக்கோடு அழுத்தித் திறந்தவை இன்னும் சிக்கல், அந்தத் தளத்தில் உங்களுக்குக் கடவுச்சொல்லே இருக்காது. மாற்றும் வரிசை: புதிய முகவரியைச் சேர்த்துச் சரிபார்க்கவும், முதன்மையாக்கவும், கடவுச்சொல் ஒன்று அமைக்கவும், வெளியேறி, புதிய வழியில் உள்ளே வந்து பார்க்கவும். கடைசிப் படியை விட்டவர்கள்தான் பிறகு உதவி மையத்துக்கு எழுதிக் காத்திருக்கிறார்கள்.

ஓர்கிட், ஸ்காலர், ஸ்கோபஸ்: பெயர் யாருடையது?

தமிழ்ப் பெயர்களுக்கு இந்த ஒப்பீடு கூடுதல் முக்கியம். கயல்விழி என்பவரின் தந்தை பெயர் செல்வராஜ் என்று வையுங்கள். முதல் கட்டுரையில் ‘எஸ். கயல்விழி’, இரண்டாவதில் ‘கயல்விழி எஸ்.’, வெளிநாட்டில் சேர்ந்தபின் ‘கயல்விழி செல்வராஜ்’. சமர்ப்பிப்புத் தளம் குடும்பப்பெயர் கட்டாயம் என்று கேட்கும்போது ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்தைப் போட்டால், மேற்கோள்களில் அவர் ‘எஸ், கே.’ என்று வருவார். யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத பெயர் அது.

கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் இன்னொரு திருப்பம். இட்ட பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அதைப் பல்கலைக்கழகக் கணினி அப்படியே எடுத்துக்கொண்டால் மின்னஞ்சலிலும் அதுவே உங்கள் பெயர். விரும்பும் பெயரைப் பதியும் வசதி இருக்கிறதா என்று பதிவாளர் அலுவலகத்தில் முதல் வாரமே கேளுங்கள். கட்டுரை வெளிவந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

ஓர்கிட் 2012இல் தொடங்கிய இலாப நோக்கற்ற சேவை. 16 இலக்க எண், கட்டணம் இல்லை. கடைசி இலக்கம் பிழை சரிபார்ப்புக்கானது, சிலருக்கு அது எக்ஸ் என்ற எழுத்தாக இருக்கும். பெயரின் மாற்று வடிவங்களை எல்லாம் அதில் சேர்க்கலாம். சமர்ப்பிக்கும்போது இந்த எண்ணைக் கொடுத்து, கட்டுரை விவரங்களைப் பதியும் அமைப்பான கிராஸ்ரெஃபுக்கு ஒருமுறை அனுமதி தந்தால் கட்டுரை வெளியானதும் பட்டியலில் தானாக ஏறும். குறை: கையால் சேர்த்ததை யாரும் சரிபார்ப்பதில்லை. ஒவ்வொரு பதிவின் கீழும் அதைச் சேர்த்தது நீங்களா பதிப்பகமா என்று காட்டும். தேர்வுக்குழு அதைப் பார்க்கும். புது ஊருக்குப் போய்ப் பழைய எண்ணை மறந்து இன்னொன்று எடுப்பது வழக்கமான தவறு. இரட்டைப் பதிவை நீக்கும் வசதி அமைப்பிலேயே உண்டு. ஆனால் நீக்கப்படும் பதிவின் கட்டுரைப் பட்டியல் தானாக வந்து சேராது, முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

கூகுள் ஸ்காலர் உங்களைத் தேடி வருவது, அதில்தான் மற்றவர்களும் உங்களைத் தேடுவார்கள். மேற்கோள் எண்ணிக்கைக்கு அது வசதி. ஆனால் அதே பெயருள்ள இன்னொருவரின் மருத்துவக் கட்டுரை உங்கள் இயற்பியல் பட்டியலில் வந்து உட்காரும். தானாகச் சேர்ப்பதை நிறுத்தி, கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். சுயவிவரத்தைச் சொந்த ஜிமெயிலில் உருவாக்கி, பல்கலைக்கழக முகவரியைச் சரிபார்ப்புக்கு மட்டும் கொடுக்கவேண்டும். தலைகீழாகச் செய்தால் கணக்கோடு சுயவிவரமும் போகும்.

மேற்கோள் தரவுத்தளமான ஸ்கோபஸின் எண்ணை நீங்கள் எடுப்பதில்லை, அதை நடத்தும் பதிப்பகமான எல்செவியர் தானே உருவாக்குகிறது. மேலே சொன்ன கயல்விழி அதில் இரண்டு மூன்று ஆளாகப் பிரிந்திருக்க வாய்ப்பு அதிகம். தேடிப் பார்த்து, ஒன்றாக்கும் கோரிக்கை அனுப்பி, ஓர்கிட்டோடு இணைத்துவிட்டால் போதும். ஆய்வாளர்கள் கட்டுரை பகிரும் தளமான ரிசர்ச்கேட் பற்றிச் சொல்ல ஒன்றுதான்: பதிப்பகத்தின் அச்சு வடிவத்தை அங்கே ஏற்றுவதற்கு முன் பதிப்புரிமை விதியைப் படியுங்கள்.

மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஓர்கிட். முதல் கட்டுரைக்கு முன்பே எடுங்கள்.

இரண்டாம் பூட்டு

கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கும் இரண்டாம் சான்றில், குறுஞ்செய்தி ஓடிபி பழகியது. ஆனால் அது சிம்மை நம்பியது. வெளிநாடு போனவரின் இந்திய ப்ரீபெய்ட் எண் 90 நாள் பயன்படாமல் கிடந்தால் நிறுவனம் அதை முடக்கலாம். பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகும். வங்கிக்கு வேறு வழியில்லாததால் எண்ணை உயிரோடு வைத்திருக்கத்தான் வேண்டும். மற்ற கணக்குகளை அதிலிருந்து கழற்றுங்கள்.

செயலி வழிக் குறியீடு 30 நொடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்கம். கைபேசிக்குள்ளேயே கணக்கிடுவதால் சிக்னல் வேண்டாம். கைபேசிக் கடிகாரம் பிசகினால் மட்டும் எண் ஏற்காது. நேரத்தைத் தானியங்கியில் வையுங்கள். ஆண்ட்ராய்டில் ஏஜிஸ் செயலி பூட்டிய காப்புக்கோப்பு எடுக்க விடும். கிட்ஹப் தரும் 16 மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு வையுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஓட்டை, போலி நுழைவுப் பக்கம். 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை 9 ஈரானியர்கள் மீது குற்றம் சாட்டியது: பேராசிரியர்களுக்கு அஞ்சல் அனுப்பி, அவரவர் பல்கலைக்கழகத்தின் பெயரையொத்த போலித் தளத்தில் கடவுச்சொல் வாங்கினார்கள் என்று. அமெரிக்காவில் 144, மற்ற 21 நாடுகளில் 176 பல்கலைக்கழகங்கள் அந்த வழக்கில் குறிப்பிடப்பட்டன. அப்படியொரு பக்கத்தில் 6 இலக்கக் குறியீட்டையும் சேர்த்தே கேட்டு வாங்கிவிடலாம். பாஸ்கீயும் (கடவுச்சொல்லுக்குப் பதிலான மின்னணுச் சாவி) யூஎஸ்பி பாதுகாப்புச் சாவியும் தளத்தின் உண்மை முகவரியோடு பிணைந்தவை. போலி முகவரியில் அவை வேலையே செய்யாது. முதன்மை மின்னஞ்சலுக்காவது பாஸ்கீ போடுங்கள். சாவி வாங்கினால் இரண்டாக வாங்கி இரண்டையும் பதியுங்கள்.

எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டி வைக்கும் கடவுச்சொல் பெட்டகத்தில் பெரிய யோசனை வேண்டாம். பல கருவி உள்ளவருக்கு பிட்வார்டனின் இலவசத் திட்டமே போதும். எதையும் இணையத்தில் வைக்க விரும்பாதவருக்கு கீபாஸ்எக்ஸ்சி. அதன் ஒற்றைக் கோப்பை நகலெடுக்கும் பொறுப்பு உங்களுடையது. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பெட்டகச் சேவையிலிருந்து பயனர் பெட்டகங்களின் நகலே திருடுபோனது, ஆகவே எதை எடுத்தாலும் முதன்மைக் கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும்.

வாய்மொழித் தேர்வுக்கு 6 மாதம் முன்பு, அந்தப் பெட்டகத்தின் தேடல் கட்டத்தில் உங்கள் பல்கலைக்கழக டொமைனைத் தட்டுங்கள். மாற்றவேண்டிய கணக்குகளின் பட்டியல் அப்படியே வந்து நிற்கும். நாளுக்கு இரண்டாக மாற்றினாலும் அந்த முகவரி மூடும் முன் முடிந்துவிடும்.