மாணவர் ஆய்வகத்தில் வைரப் பட்டடைக் கலம்: ஓராண்டு அனுபவம்

கோள்களின் உட்புற அழுத்தத்தில் கனிமங்கள் என்ன ஆகின்றன என்பதை ஆராயும் எங்கள் மாணவர் குழு, பிஎக்ஸ்90 வகைக் கலம் ஒன்றை வாங்கி ஓராண்டு ஆகிறது. உள்ளங்கையில் அடங்கும் எஃகு உருளை; உள்ளே எதிரெதிராக இரண்டு வைரங்கள்; அவற்றின் முனைகளுக்கு இடையே மாதிரியை வைத்து நசுக்குவோம். எங்கள் வைரங்களின் முனை 300 மைக்ரான் அகலமே என்பதால், சாவியால் திருகும் விசையே அங்கே லட்சக்கணக்கான வளிமண்டல அழுத்தமாகப் பெருகிவிடுகிறது.

2012இல் வெளியான இந்த வடிவமைப்பின் பெரும் சிறப்பு 90 பாகைத் திறப்பு. எக்ஸ் கதிர்கள் சிதறி வெளியேற இடம் தாராளமாக இருப்பதால், ஒரே ஒரு படிகத்தின் அணு அமைப்பைக் கண்டறியும் ஒற்றைப் படிக ஆய்வுக்குத் தேவையான தரவு மிகுதியாகக் கிடைக்கிறது.

புதிதாக வரும் மாணவரிடம் நாங்கள் முதலில் கொடுப்பது வெறும் தண்ணீர்தான். உலோகத் தகட்டில் துளைத்த நுண்ணிய ஓட்டையில் ஒரு துளி நீரும் மாணிக்கத் துணுக்கு ஒன்றும் இட்டு, இருபுறமும் வைர முனைகளால் மூடி, லேசர் பட்டதும் மாணிக்கம் உமிழும் 694 நானோமீட்டர் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நகர்கிறது என்பதைக் கொண்டு அழுத்தத்தை அளக்கிறோம். ஏறத்தாழ 1 கிகாபாஸ்கலில் (சுமார் பத்தாயிரம் வளிமண்டல அழுத்தம்), அறை வெப்பநிலையிலேயே, நீர் உறைகிறது. உடனே திருகுகளைச் சற்றுத் தளர்த்தி, ஒரே ஒரு படிகம் மிஞ்சும்வரை உருகவிட்டு மீண்டும் இறுக்கினால், அந்தப் படிகம் பட்டை தீட்டியதுபோல் வளர்வதை நுண்ணோக்கியில் காணலாம். நீரில் மிதக்காத பனிக்கட்டி அது. 2 கிகாபாஸ்கலைத் தாண்டினால் மூலக்கூறுகள் வேறு விதமாக அடுக்கப்பட்ட ஏழாம் வகைப் பனியாக மாறும். புவியின் ஆழத்திலிருந்து வந்த இயற்கை வைரங்களுக்குள் அவ்வகைப் பனி சிக்கியிருந்த செய்தி 2018இல் வெளியானது.

குறை கலத்தில் இல்லை, விற்றவரிடம் இருக்கிறது. நான்கு திருகுகளில் இரண்டு வலஞ்சுழி, இரண்டு இடஞ்சுழி. கலம் முறுகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் அவற்றுக்கு அடியில் வரும் கிண்ண வடிவ வாஷர்களை எப்படி அடுக்குவது என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. ஒரு திருகில் மட்டும் தலைகீழாக அடுக்கிவிட்டோம். விசை ஒருபக்கம் சாய்ந்து, வைரத்தின் விளிம்பு பெயர்ந்தது. விளக்கப்படம் மூன்று வாரம் கழித்து வந்தது, மாற்று வைரத்துக்கான பணமோ எங்கள் தலையில் விழுந்தது.

புவியின் கருவகமும் அதைச் சூழ்ந்த பாறை அடுக்கும் சந்திக்கும் எல்லையில் நிலவும் 136 கிகாபாஸ்கலை எட்ட இந்த முனை போதாது. விளிம்பு சரித்த சிறிய முனை வேண்டும். இதே உடலில் அதைப் பொருத்தலாம் என்பதால் கலத்தை மாற்றும் எண்ணம் இல்லை. அடுத்த வைரங்களை மட்டும் வேறு கடையில் கேட்டிருக்கிறோம்.