அஞ்சுக்கு மூணு ஸ்டார், அதுல ரெண்டு நடிகர் பட்டியலுக்கு மட்டும்

நாலு மாசமா யூஸ் பண்ற ஓடிடி ஆப் இது, பேரு வேணாம், பழைய ஹாலிவுட் படங்களுக்குன்னே இருக்குறது. பிக்சர் குவாலிட்டி அருமை, பஃபரிங் இல்ல, அவ்ளோதான் அந்த மேட்டர். நான் சொல்ல வந்தது படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இவங்க போடுற எச்சரிக்கை கார்டு பத்தி. "சில சமூகத்தினரைத் தவறாகச் சித்தரிக்கும் காட்சிகள் உண்டு"ன்னு கருப்புத் திரையில வெள்ளை எழுத்துல வரும்.

ஐடியா இவங்களோடது இல்ல. 2020லயே டிஸ்னி பிளஸ் அவங்க பழைய கார்ட்டூன் சிலதுக்கு முன்னாடி, ஸ்கிப் பண்ணவே முடியாத 12 செகண்ட் கார்டு போட்டாங்க, இந்த ஸ்டீரியோடைப்லாம் (ஒரு சமூகத்து ஆளுங்க எல்லாரையும் ஒரே அச்சுல காட்டுறது) அப்பவும் தப்பு இப்பவும் தப்புன்னு. 1970ல வந்த அவங்க கார்ட்டூன் தி அரிஸ்டோகேட்ஸ்ல, சீனாக்காரங்களைக் கிண்டல் பண்ற மாதிரி ஒரு சயாமிஸ் பூனை பல்லு துருத்திக்கிட்டு சாப்ஸ்டிக்கால (சாப்பிடுற குச்சி) பியானோ வாசிக்கும், பூனையைக்கூட விட்டுவைக்கல பாருங்க. அதனால கார்டு வேணாம்னு சொல்லமாட்டேன். ஆனா இந்த ஆப்ல வர்றது மாத்திரை அட்டையில "பக்கவிளைவு இருக்கலாம்"னு போட்ட மாதிரி இருக்கு. எந்த சமூகம், எந்த சீன், என்ன தப்பு, ஒண்ணும் கிடையாது.

பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ் (1961) பாக்குறப்போ கார்டு வந்துச்சு. மாடியில இருக்குற ஜப்பான்காரர் வேஷத்துல மிக்கி ரூனி, வெள்ளைக்கார நடிகர், பொய்ப்பல்ல மாட்டிக்கிட்டு எதுலயாவது இடிச்சுக்கிட்டு கத்திக்கிட்டே இருப்பார். கதைப்படி அவரு ஒரு போட்டோகிராபர், ஆனா அந்தப் பல்லைப் பாத்தப்புறம் யாருக்கு அது ஞாபகம் இருக்கும்? இது தப்புன்னு சொல்ல கார்டு தேவையே இல்ல, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கார்டு தேவைப்படுற இடத்துலதான் இவங்க போடல. தி குட் எர்த் (1937), சீன விவசாயி குடும்பத்துக் கதை, யாரையும் கிண்டல் பண்ணல, ரொம்ப மரியாதையாவே எடுத்திருக்காங்க. ஆனா ஹீரோவும் ஹீரோயினும் மேக்கப் போட்ட வெள்ளைக்காரங்க. அந்த ஹீரோயின் ரோலுக்காக ஆசைப்பட்டுக் காத்திருந்தவங்க அன்னா மே வோங், சீன அமெரிக்க நடிகை, அப்பவே ஸ்டார். ஹீரோவா வெள்ளைக்காரரைப் போட்டாச்சு, வேற வேற இனத்து ஆளுங்களை ஜோடியா காட்டக்கூடாதுன்னு அன்னிக்கு சினிமா விதியே இருந்துச்சு, அதனால அவங்களுக்குக் கிடைக்கல. நடிச்ச லூயிஸ் ரெய்னருக்கு ஆஸ்கர். இந்தப் படத்துக்கு ஆப்ல கார்டும் இல்ல ஒரு வரி குறிப்பும் இல்ல. யாரைக் கேவலமா காட்டினாங்கன்னு மட்டும் பாக்குறாங்க, யாரை உள்ளயே விடலைங்கறது கணக்குலயே வரல.

சரி, ரெண்டு ஸ்டார் எதுக்குன்னா நடிகர் பட்டியல். மத்த ஆப்ல நாலு பேரு போட்டு நிறுத்திருவாங்க, இதுல கூட்டத்துல நின்னவங்க வரைக்கும் இருக்கு, ஒரு பேரைத் தட்டினா அவங்க நடிச்ச எல்லாமே வரிசையா வருது. ஹேட்டி மெக்டேனியல் பேரைத் தட்டுங்க. வேலைக்காரி, சமையக்காரி, வேலைக்காரி, மறுபடி வேலைக்காரி. அச்சுல வார்த்தாப்ல. (ஸ்டீரியோடைப்ங்கறதே முதல்ல அச்சுத்தொழில் வார்த்தைதான், கோத்த எழுத்துலேர்ந்து வார்த்தெடுக்குற உலோகத் தகடு. மனுசங்களுக்கு அதைப் பொருத்தினது 1922ல அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன்.) கான் வித் த விண்ட்ல நடிச்சு, ஆஸ்கர் வாங்கின முதல் கறுப்பினக் கலைஞர் இவங்கதான், 1940ல. அன்னிக்கு விழாவுல இவங்களுக்குத் தனியா ஒரு ஓரத்துல டேபிள். படத்துல அந்தப் பாத்திரத்துக்குப் பேரு மேமி, அதாவது ஆயா. கடைசி வரைக்கும் சொந்தப் பேரு ஒண்ணு வைக்கல. நான் இப்பல்லாம் படத்தைவிட இந்தப் பட்டியலைத்தான் அதிக நேரம் பாக்குறேன், ஹீரோவோட நாய்க்குப் பேரு இருக்கும், அதுக்குக் கீழ "பழங்குடி 1", "பழங்குடி 2"ன்னு ஓடும்.

அந்த நல்ல பேரை ரெகமண்டேஷன் கெடுத்துருது. பாலைவனத்துல நடக்குற படம் ஒண்ணு பாத்தேன், முடிஞ்ச உடனே "இதே போல்"னு ஒரு வரிசை வந்துச்சு, எல்லா போஸ்டரும் ஒரே மஞ்சள் கலர், எல்லாத்துலயும் தாடி வச்ச ஆள் துப்பாக்கியோட. அரபு மக்களை ஹாலிவுட் எப்படிக் காட்டுதுன்னு ஜாக் ஷாஹீன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 900 படத்துக்கு மேல ஆராய்ஞ்சு 2001ல புத்தகமாவே போட்டார், நல்லவிதமா காட்டினது ஒரு டஜன்தான் தேறுச்சு. அந்த மிச்சத்தை எல்லாம் அல்காரிதம் எனக்குன்னு தேடிப் பொறுக்கிக் குடுக்குது போல! சப்டைட்டில் இன்னும் மோசம். ஹீரோ இருமினாக்கூட எழுத்து வருது, மத்தவங்க ஒரு நிமிசம் பேசினாலும் "வேற்று மொழியில் கத்துகிறார்"னு ஒரே வரி. அந்த ஆள் கத்தவே இல்லைங்க, குழந்தையைக் கூப்பிடுற மாதிரி மெதுவாத்தான் பேசுனாரு.

கஸ்டமர் கேர்ல எழுதிப் போட்டேன், அந்த சீன் வர்ற நிமிசத்தோட. ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு, தங்கள் கருத்துக்கு நன்றின்னு. கீழயே "உங்களுக்குப் பிடிக்கலாம்"னு மூணு போஸ்டர், மூணும் மஞ்சள்.