கோவையில் நீச்சல் பயிற்சி: கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் யாரிடம் போவது?

மெல்போர்னிலிருந்து ஊருக்கு வந்தால் கல்யாணம், காதுகுத்து, பேங்க் வேலை என்றே நாட்கள் ஓடிவிடும். இந்த டிசம்பரில் நீச்சல் பயிற்சியும் சேர்ந்துகொண்டது. ஜனவரியில் விக்டோரியா மாநிலத்து லோர்ன் கடற்கரையில் நடக்கும் 1.2 கிலோமீட்டர் கடல் நீச்சலுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். ஒரு மாதம் தண்ணீர் பக்கமே போகாமல் இருந்துவிட்டு அலையில் போய் இறங்க முடியாது. அதனால் கோவையில் குளம் தேடினேன். இடது கெண்டைக்காலில் குரக்களி (சதைப்பிடிப்பு) பிடித்ததால், குளத்தோடு சேர்த்து டாக்டர், ஸ்கேன், பிசியோ எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. விடுமுறைக்கு வந்து நீந்த நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கோவையில் குளத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடம், கிளப், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று எங்கும் இருக்கிறது. மாதக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. மணிக்கணக்கில் பணம் கொடுத்து நீந்தலாம். நைலான் உடுப்பும் தலைக்குத் தொப்பியும் கட்டாயம். பெண்களுக்குத் தனி நேரம் உண்டு, ஆனால் பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். அதற்குள் தூரத்தை முடிக்க வேண்டும் என்று உடம்பைச் சூடாக்காமலே வேகமெடுக்கத் தோன்றும். நான் பார்த்த குளங்களெல்லாம் 25 மீட்டர். மெல்போர்னில் நான் போவது 50 மீட்டர் குளம். அங்கே ஒரு கிலோமீட்டருக்கு 19 முறை சுவரை உதைத்துத் திரும்பினால் போதும். 25 மீட்டரில் 39 முறை. ஒவ்வொரு உதையும் கெண்டைக்கால் சதையின் வேலை. உதைத்த கையோடு பாதத்தை நீட்டிக் காலடிக்கிறோம். பாதம் நீண்டிருக்கும்போது அந்தச் சதை சுருங்கிய நிலையில் இருக்கும். களைத்துப்போன சதையைச் சுருங்கிய நிலையிலேயே மேலும் மேலும் வேலை வாங்கினால்தான் அது பிடித்துக்கொள்கிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். டிசம்பர் காலையில் திறந்தவெளிக் குளத்துத் தண்ணீர் வேறு சில்லென்று இருக்கும்.

முதலில் சேர்ந்த குளத்தின் பெயரைச் சொல்லவில்லை. பளிங்கு மாதிரி தண்ணீர், புது டைல்ஸ். ஆழமான பக்கம் திரும்பும்போது கால் பிடித்தது. கரையில் காவலுக்கு இருக்க வேண்டியவர் வாசலில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கியதை யாரும் பார்க்கவில்லை. மல்லாந்து மிதந்து, கயிற்றைப் பிடித்து, நானே கரையேறினேன். எனக்கு மிதக்கத் தெரியும். அதே நேரத்தில் அங்கே நீச்சல் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த இடத்தை விட்டதற்கு அதுதான் காரணம். மேலாளரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இரண்டாவது குளம் பழசு. டைல்ஸ் அங்கங்கே பெயர்ந்திருக்கும். ஆனால் அங்கே பயிற்சி தரும் பெண் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். அடுத்த முறை கால் இழுத்தபோது நான் கையைத் தூக்கும் முன்பே குரல் வந்துவிட்டது. "அக்கா, காலடிக்காதீங்க! மூச்சை நல்லா இழுத்து மல்லாந்துக்கோங்க. கட்டைவிரலைப் புடிச்சு உங்க பக்கமா இழுங்க, முட்டிய நீட்டுங்க!" சொல்லிக்கொண்டே மிதவைப் பலகையை என் கை எட்டுகிற இடத்தில் போட்டாள். அரை நிமிடத்தில் விட்டுவிட்டது. மேலே வந்ததும், "இன்னைக்குப் போதுமுங்க்கா, ஒருக்கா புடிச்ச கால் மறுக்காவும் புடிக்கும்" என்று தண்ணீரில் இறங்கவே விடவில்லை. பிடித்த சதையை நீட்டுவதுதான் உடனடி வைத்தியம். அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது.

மறுநாளும் வலி இருந்தது. அத்தை விளக்கெண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்துவிட்டார். "கொஞ்சம் நீவி உட்டாச் சரியாப் போயிரும் கண்ணு." தேய்க்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும். மெல்போர்னிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம், அங்கிருந்து கோவைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். அப்படிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்த சில வாரங்களுக்குள் ஒரு காலில் மட்டும் வலி விடாமல் இருந்தாலோ, வீங்கினாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ அது வெறும் குரக்களியாக இல்லாமல் காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் (ஆழ்நாளத்தில்) ரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம். அதை நீவினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு.

பக்கத்துத் தெரு டாக்டர் இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்தார். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட வேண்டுமாம். எனக்கு அவ்வளவு இல்லை. இருந்தாலும் பயணத்தைக் கேட்டுவிட்டு ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். மதியம் ஸ்கேன், சாயங்காலம் ரிப்போர்ட், ஒன்றும் இல்லை என்று முடிந்தது. இந்த வேகம் கோவைக்கே உரியது என்று பெருமையோடு சொல்வேன். ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறேனா என்றும் கேட்டார். நீர் பிரியவைக்கும் மாத்திரையும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையும் சிலருக்குச் சதைப்பிடிப்பைக் கொண்டுவரும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் மெக்னீசியம் மாத்திரைப் பட்டையை எடுத்து நீட்டினார்கள். வாங்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, வயதானவர்களின் சதைப்பிடிப்புக்கு மெக்னீசியம் பெரிதாக உதவ வாய்ப்பில்லை என்கிறது. உடற்பயிற்சியில் வரும் பிடிப்புக்கோ அது உதவும் என்று காட்டும் நல்ல சான்று இல்லை. உப்புக்கரைசல் (ஓஆர்எஸ்) வாங்கினால் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. சர்க்கரைப் பானத்தை ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு விற்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்திருக்கிறது.

பொள்ளாச்சி இளநீரைப் பற்றிச் சொன்னால் எங்கள் வீட்டில் சண்டை வரும். தாகத்துக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் அதில் நிறைய இருப்பது பொட்டாசியம், வியர்வையில் நாம் அதிகம் இழப்பது சோடியம். அதனால் நீந்திவிட்டு வந்து உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு குடித்தேன். ஊறுகாய்ச் சாறு விஷயமும் உண்மைதான். 2010இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மின்தூண்டலால் வரவழைத்த பிடிப்பு, தண்ணீர் குடித்தவர்களைவிட ஊறுகாய்ச் சாறு குடித்தவர்களுக்குச் சீக்கிரம் விட்டது. உப்பு ரத்தத்தில் சேரும் முன்பே விட்டதால், தொண்டையில் படும் புளிப்பு நரம்பு வழியாகப் பிடிப்பை அடக்குகிறது என்று நினைக்கிறார்கள். அது வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய்ச் சாறு. அம்மாவின் எலுமிச்சை ஊறுகாயை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

உண்மையில் பலன் தந்தது பிசியோதெரபி. கட்டணம் மெல்போர்னில் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான், ஆனால் எனக்காக ஒதுக்கிய நேரம் முழு ஒரு மணி. மிஷின் எதையும் வைக்கவில்லை. நான் நீந்தும் வீடியோவை பிசியோ கேட்டு வாங்கி நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "முட்டியிலிருந்து உதைக்கறீங்க. இடுப்பிலிருந்து வரோணும். பாதம் தொளதொளன்னு இருக்கோணுங்க, நீங்க வெறைப்பா வெச்சிருக்கீங்க." பிறகு படிக்கட்டின் ஓரத்தில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி கொடுத்தார். முட்டியை நீட்டி ஒரு சுற்று, மேல்சதைக்கு. மடக்கி ஒரு சுற்று, உள்சதைக்கு. சுவர் உதைப்பதையும் ஒரு வாரம் மென்மையாக்கச் சொன்னார். அதற்குப் பிறகு கோவையில் இருந்தவரை கால் பிடிக்கவில்லை.

கடைசி வாரம் கோபிப் பக்கம் மாமாவின் தோட்டத்துக்குப் போனோம். தடப்பள்ளி வாய்க்கால் பாய்கிற பூமி, கிணற்றில் தண்ணீர் மேலேயே நிற்கிறது. மாமா பேரனுக்கு முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தார். முதல் பாடமே மல்லாந்து மிதப்பது. "கால் புடிச்சாப் பதறாதே சாமி, மல்லாந்துக்க, படிக்கல்லைப் புடிச்சுக்க." கூடவே ஒரு கயிறும் கிணற்றில் தொங்கியது, மாமாவின் பார்வை பையனை விட்டு நகரவே இல்லை. கட்டணம் வாங்கும் குளங்களில் எத்தனை பேர் இதை முதல் நாளே சொல்லித் தருகிறார்கள்? நான் விசாரித்தவரை பணம், நேரம், உடுப்பு பற்றித்தான் சொன்னார்கள்.

அதனால் இப்போது குளத்துக்குப் போன் செய்தால் நான் கேட்பது மூன்று. என் நேரத்தில் கரையில் யார் நிற்பார்? அவருக்கு வேறு வேலை உண்டா? ஆழப் பக்கத்தில் எறிவதற்கு மிதவை இருக்கிறதா? பதில் தெளிவாக வராத இடத்துக்கு என் தங்கை பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் மே மாத லீவில் அந்தப் பழைய குளத்திலேயே சேர்கிறார்கள்.