மூன்று வருடம், ஏழு நோட்டு: மறுபடியும் எழுத உட்கார்ந்த அனுபவம்

2017 நவம்பர் 30, எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒக்கி புயல் அடித்த நாள். அதைப் பற்றி என்னிடம் ஒரு வரிகூட இல்லை. பதினோரு நாள் கரண்டு இல்லை என்று அம்மா சொல்வாள். இல்லை, ஆறு நாள்தான் என்பான் தம்பி. கிழக்கே நின்ற பலாமரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது. கடலுக்குப் போனவர்களைத் தேடித்தரச் சொல்லி, கடற்கரை ஊர்ச் சனங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்ததும் நினைவிருக்கிறது. நடுவில் இருந்த நாட்கள் எல்லாம் கலங்கிப் போய்விட்டன. யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்தோம், அந்த வாரம் என்ன சமைத்தோம், ஒன்றும் நிச்சயமில்லை.

கல்லூரிக் காலத்தில் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் விடாமல் நோட்டு எழுதியவள் நான். 2010-ல் விட்டேன். விட்ட காலத்தில்தான் அப்பா போனது, வீடு மாறியது, புயல் எல்லாமே. 2022 நவம்பர் 30 இரவு அம்மாவுக்கும் தம்பிக்கும் அதே வழக்கு மறுபடி வந்தது. அன்றைக்கே ஒரு பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தேன். படித்தது, கேட்டது, அன்றாடம் நடந்தது எல்லாம் ஒரே நோட்டில். மூன்று வருடம் தாண்டிவிட்டது. ஏழு நோட்டு முடிந்திருக்கிறது. இப்படித் தொடங்க நினைக்கிறவர்களுக்கு உதவுமே என்று இதைச் சொல்கிறேன்.

முதலில் பேனா. முதல் சில மாதம் பால்பாயிண்டில் எழுதினேன். மழைக்குப் பயமில்லை, ஆனால் அழுத்தி எழுதி எழுதி மூன்றாம் பக்கத்தில் விரல் வலிக்கும். அப்புறம் அப்பாவின் மை ஊற்றுகிற பேனாவைத் தேடி எடுத்தேன். கழுத்தைத் திருகி உடலுக்குள் நேராக மை ஊற்றுகிற வகை. தாளில் தொட்டாலே போதும், எழுத்து ஓடும். ஒரு குறை உண்டு. உள்ளே மை பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால், கையின் சூட்டில் மிச்ச இடத்திலிருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். நல்ல வரிக்கு நடுவில் பெரிய சொட்டு விழும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதமும் இரண்டு புடவையும் செலவாயின. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும், தீர்ந்தாலும் தீராவிட்டாலும், நிரப்பிவிடுகிறேன்.

மை விஷயத்தில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2023 ஆடியில் ஓடு நகர்ந்து மேஜை மேல் ஒழுகியது. இரண்டாவது நோட்டின் இருபது பக்கம் நனைந்தது. சாதாரண நீல மையில் எழுதியதெல்லாம் வெளிர்நீலக் கறையாகிவிட்டது. ஓரத்தில் பால்பாயிண்டில் குறித்த தேதிகள் மட்டும் அப்படியே நின்றன. ஒரு மே மாதம் முழுக்கப் போய்விட்டது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அதன் பிறகு ஒரே வரியை மூன்று மையில் எழுதி, காயவிட்டு, தாளைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் முக்கிப் பார்த்தேன். நீலம் கரைந்தது. கறுப்பு பாதி மங்கியது. இரும்பு சேர்ந்த நீலக் கறுப்பு மை மட்டும் சாம்பல் நிறத்தில் உறுதியாக நின்றது. எழுதும்போது நீலமாக இருந்து, காற்றுப் பட்டுக் கறுத்து, தாளோடு பிடித்துக்கொள்கிற மை அது. கடுக்காய் மையும் இதே தத்துவம்தான். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறை போகாது என்பது வாழைக்குலை வெட்டிய கத்தியைத் துடைத்த எல்லோருக்கும் தெரியும். இந்த மை பேனாவுக்குள் படியும், அதனால் மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரில் அலசியே ஆக வேண்டும். அந்தச் சிரமம் எனக்குச் சம்மதம்.

தாளைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம். ஸ்கூல் நோட்டின் மெல்லிய தாளில் மை ஊறிப் பின்பக்கம் தெரியும். எண்பது ஜிஎஸ்எம் கனமுள்ள தாளில் லாங் சைஸ் நோட்டு பைண்ட் செய்து வாங்குவது நல்லது. ஆனால் எந்தத் தாளும் நம்ம மாவட்டத்து மழைக்குத் தப்பாது. நமக்கு ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. மாசி வாக்கில் கும்பப்பூ நெல் அறுப்பு நேரத்தில் கம்பி போல வருகிற எழுத்து, அதே பேனாவில் அதே தாளில் ஜூலையில் ஓரம் பிசிறும். தாள் ஈரம் குடித்திருக்கும். பைண்டிங் பசையைத் தின்ன ராமபாணப் பூச்சியும் வரும். மூடி போட்ட தகரப் பெட்டியில் வசம்புத் துண்டோடு வைத்து, வெயிலடிக்கிற நாளில் திண்ணையில் விரித்துக் காற்றாட விடுகிறேன். இதுவரை பழுதில்லை.

சரி, என்ன எழுதுவது? மூன்று வருடத்தில் நான் உறுதியாகக் கற்றது இதில்தான்.

பழைய நோட்டுகளை எடுத்துப் படித்தேன். 2003-ல் சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவல் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். ‘உலுக்கியது’, ‘மகத்தானது’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எந்த வரி உலுக்கியது என்று இல்லை. 1981-ல் வந்த அந்த நாவலின் இரண்டாம் பகுதி ஓர் எழுத்தாளனின் நாட்குறிப்புகள். தானும் தினம் நோட்டு எழுதுகிற ஒரு பெண் அதைப் படித்திருக்கிறாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாகர்கோவிலில் வாழ்ந்த எழுத்தாளர், என் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம், அதுவும் இல்லை. அந்த நாலு பக்கத்தில் நானும் இல்லை, நாவலும் இல்லை.

இப்போது அபிப்பிராயத்தைக் கடைசியில்தான் எழுதுகிறேன், அதுவும் இரண்டு வரி. முதலில் நின்ற இடம். ‘பக்கம் 84, வில்லுக்குறி தாண்டும்போது, மேலே படிக்க முடியாமல் மூடினேன்’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அதைப் பார்த்ததுமே அந்தப் பக்கமும் பஸ் ஜன்னலில் அடித்த மழையும் திரும்பி வருகின்றன. நாஞ்சில் நாடன் கதைகளில் வருகிற சாப்பாட்டுப் பெயர்களை அம்மாவிடம் கேட்டு, எங்கள் வீட்டுப் பக்குவத்தை எதிர்ப்பக்கத்தில் எழுதிவைத்தேன். அப்படித்தான் அம்மாவின் தீயல் குழம்பு முதன்முதலாகத் தாளுக்கு வந்தது. அம்மா இப்போது தானாகவே, “மக்களே, உளுந்தங்கஞ்சிக்கு வெந்தயம் எவ்வளவுன்னு எழுதினியா?” என்று கேட்கிறாள்.

இசை எழுதுவது இதைவிடக் கஷ்டம். ஒவ்வொரு புரட்டாசியிலும் பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மன் மூவரும் நவராத்திரிக்காக ஊர்வலமாகத் திருவனந்தபுரம் புறப்படுகிறார்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள், நாளுக்கு ஒன்று, நாளுக்கு ஒரு ராகம். 2006-ல்தான் அந்த மண்டபத்தில் ஒரு பெண் முதன்முதலாகப் பாடினார், கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பாறசாலை பொன்னம்மாள். அந்தக் கீர்த்தனைகளை அந்தந்த நாளில் போட்டுக் கேட்பது எங்கள் வீட்டுப் பழக்கம். 2023-ல் நாலாம் நாளுக்கு நான் எழுதியது ‘தோடி. அருமை.’ அவ்வளவுதான். போன நவராத்திரியில் எழுதியதை அப்படியே தருகிறேன்:

‘நாலாம் நாள், தோடி. ஆலாபனை தொடங்கும்போது அம்மா ஏத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காந்தார ஸ்வரத்தை அசைத்து அசைத்து நிறுத்திய இடத்தில் கத்தியை வைத்துவிட்டு, எண்ணெய்க் கையோடு வந்து நடையில் உட்கார்ந்தாள். பாட்டு முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.’

ராக இலக்கணம் எனக்குக் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் இந்தக் குறிப்பு அந்தத் தோடியை எனக்குத் திருப்பித் தருகிறது.

எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டை நாற்பது நிமிடம் போனில் பதிவு செய்தேன். போன் பழுதானபோது அதுவும் போனது. இசக்கியம்மன் கதை உச்சத்துக்கு வரும்போது கதை பாடுகிற புலவர் வீசுகோலை வில்லில் ஒரே அடி அடித்து நிறுத்தியதையும், மணிச்சத்தம் அடங்கும்வரை குடமும் உடுக்கையும் பேசாமல் காத்திருந்ததையும் அன்றிரவே எழுதியிருந்தேன். அது இருக்கிறது. பதிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவு இருக்கிறதே என்று எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

அன்றாட விஷயத்தில் எதுவும் சின்னதில்லை. ‘சாளை மீன் 100 ரூபாய்க்கு 25’, ‘கிணற்றில் ஆறு உறை தண்ணீர்’, ‘அம்மாவுக்கு வலது முட்டு வீக்கம், படி ஏறவில்லை’. இந்தக் கடைசி வரிதான் அடுத்த வருடம் டாக்டர், “எப்போதிலிருந்து?” என்று கேட்டபோது தேதியோடு பதில் சொன்னது.

விடுபட்ட நாட்களும் உண்டு. 2024-ல் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பத்தொன்பது நாள் எழுதவில்லை. பிறகு உட்கார்ந்து அதை நிரப்பப் பார்த்தேன். நடந்ததும் நினைத்ததும் கலந்துவிட்டதால் கிழித்துப் போட்டேன். இப்போது முடியாத நாளில் தேதியும் மழையா வெயிலா என்பதும் மட்டும் எழுதுகிறேன். அதற்கு அரை நிமிடம் போதும், சங்கிலியும் அறுவதில்லை.

ஒரே பெரிய குறை, தேடுவது. ஏழு நோட்டில் ஒரு விஷயத்தைப் பிடிக்க ஒரு மாலை போய்விடுகிறது. பக்க எண் போடாமல் தொடங்கியது என் தப்பு. இப்போது இரவில் பத்துப் பத்துப் பக்கமாகப் பழையவற்றுக்கும் எண் போட்டு வருகிறேன், நாலாவது நோட்டில் இருக்கிறேன். எட்டாவது நோட்டு பைண்ட் ஆகி வந்துவிட்டது. அதில் முதல் நாலு பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு விட்டிருக்கிறேன்.